முதல்வாய்க்காரர் பிரஷ் வாங்குகிறார்

மனிதர்களில் முதல்வாய்க்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாததால் விட்டிருப்பீர்கள். பிள்ளைக்குப் போகிற எதுவும் முதலில் தன் வழியாகத்தான் போக வேண்டும் என்று எவர் நம்புகிறாரோ அவரே முதல்வாய்க்காரர். பால் சூடாக இருக்கிறதா என்று புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பவர் சாதாரணத் தகப்பன். புட்டியையே வாயில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்து, கண்ணை மூடி, சப்புக்கொட்டி, "தெரியலை, இன்னும் ஒரு தடவை பார்த்துடறேன்" என்று மறுபடியும் இழுக்கிறாரே, அவர்தான் நம் ஆள்.

இவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கடையில் பிள்ளைக்குத் தொப்பி வாங்க வந்து அதைத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார்கள். மசித்த காயில் மூன்று கரண்டி 'உப்பு பார்த்து'விட்டு, நான்காவது கரண்டியில் சந்தேகம் வந்து ஐந்தாவதும் பார்ப்பார்கள்; உப்பே போடாத காய் அது. பூங்காவில் கைக்குழந்தைகளுக்கான ஊஞ்சலில் உட்கார்ந்து பார்ப்பார்கள், பிறகு அதிலிருந்து வெளியே வர முடியாமல் சிரித்தபடி ஆளுக்காகக் காத்திருப்பார்கள். கேட்டால் மூன்று வாக்கியம்தான் வரும். "சும்மா ஒரு தடவை." "நமக்குத் தெரியணும்ல?" "பிள்ளை விஷயமாச்சே." இந்த மூன்றையும் ஒருவர் ஒரே மூச்சில் சொன்னால் உங்கள் பிள்ளையின் பிஸ்கட்டை மறைத்துவையுங்கள்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒன்று என் குடும்பத்துக்குள்ளேயே வாய்த்திருக்கிறது. என் தங்கை வீட்டுக்காரர். நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். அதாவது உட்காருவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். வரிசையாக நாற்காலிகள் வரும். ஒவ்வொன்றிலும் உட்காருவார், இடப்பக்கம் சாய்வார், வலப்பக்கம் சாய்வார், முன்னால் குனிந்து இல்லாத செருப்பைத் தேடுவார், எழுந்து மறுபடி தொப்பென்று விழுவார், ஒன்றும் முறியவில்லை என்றால் அதன் முதுகில் ஒரு பச்சை வில்லை ஒட்டி அனுப்பிவிடுவார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் நின்றுகொண்டேதான் தேநீர் குடிப்பார். பாவம், களைப்பு.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு விதி. ஒரு நாற்காலி தேறியது என்றால் அந்த நாற்காலி தேறியது என்றுதான் பொருள். பக்கத்தில் அதே மரத்தில், அதே ஆணியில், அதே நிமிடத்தில் செய்த நாற்காலியைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. நல்ல விதிதான். ஆனால் மாப்பிள்ளை அந்த விதியைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

மகள் பிறந்ததும் தொட்டில் வந்தது. படுத்துப் பார்த்தார், முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெளியே தொங்கின. பிளாஸ்டிக் குளியல் தொட்டி வந்தது. உட்கார்ந்து பார்த்தார், எழுந்தபோது தொட்டியும் கூடவே எழுந்து வந்தது. என் தங்கை அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், எதையும் ஒரு புருவத்தால் கோடிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். இதையெல்லாம் அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்தாள். பல் விஷயம் வரும் வரைக்கும்.

மகளைச் சுண்டு என்று கூப்பிடுவோம். பதினான்கு மாதம். மேலே நாலு, கீழே நாலு, ஆக எட்டுப் பல். அந்த எட்டையும் வைத்துக்கொண்டு அவள் கடிக்காத பொருள் வீட்டில் கிடையாது. ஒருநாள் அவள் வாயைத் திறந்து சிரிக்கும்போது மேல் முன்பல்லில், ஈறு ஓரமாக, சுண்ணாம்பில் கீறியது போல ஒரு வெள்ளைக் கோடு இருப்பதைத் தங்கை பார்த்துவிட்டாள். பிழை திருத்துகிற கண் அல்லவா? நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அன்றைக்கே மூவரையும் ஏற்றிக்கொண்டு பல் டாக்டரம்மாவிடம் போனேன்.

டாக்டரம்மா சுண்டுவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார், சுண்டு அவர் விரலைக் கடித்துப் பார்த்தாள், இரண்டு பேருக்கும் திருப்தி.

"இது சொத்தையோட ஆரம்பம். பயப்படாதீங்க, இப்பவே பிடிச்சா இதோட நின்னுடும். காலையில ஒரு தடவை, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பிரஷ் வச்சுத் தேய்க்கணும். அரிசி அளவு பேஸ்ட் போதும். விட்டுட்டா குழி விழுந்துடும். இந்த வயசுல குழியை அடைக்கணும்னா மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்யணும்."

மயக்க மருந்து என்றதும் மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "என்ன பிரஷ் டாக்டர்?" என்றார்.

"சின்னத் தலை, மெத்துன்னு நார், நீங்க பிடிக்கத் தோதா காம்பு. அவ்வளவுதான். ஆறு வாரம் கழிச்சு வாங்க."

அவ்வளவுதான் என்றார் டாக்டர். மாப்பிள்ளைக்கோ அங்கேதான் ஆரம்பம். எவ்வளவு சின்னத் தலை? மெத்தென்றால் எது போல மெத்து? பூனை முதுகு மெத்தா, பஞ்சு மெத்தா? திரும்பி வரும்போது வேனில் பின்சீட்டில் உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் தன் ஈறை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் மருந்துக்கடையில் பிள்ளைகள் பிரஷ் அடுக்கியிருந்த பலகை முன்னால் நின்றார். ஒன்றை எடுத்தார். உறையைக் கிழித்தார். வாயில் வைத்தார். கடைக்காரர் நல்ல மனுஷன், பதறவில்லை.

"சார், அது குழந்தைக்கு."

"அதுக்குத்தானே பார்க்கறேன்," என்றார் மாப்பிள்ளை, வாயில் பிரஷோடு.

அன்று ஆரம்பித்தது. அவருக்குப் பத்து மணி ஷிப்ட்; தங்கை காலையிலேயே அச்சகத்துக்குப் போய்விடுவாள். ஆகவே காலைப் பல் தேய்ப்பு அவர் பொறுப்பு. குளியலறையில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் சுண்டுவை உட்கார வைத்து, இடுப்பில் ஒரு கை அணைத்துக்கொண்டு, கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு பிரஷாகத் தன் வாயில் ஓட்டுவார். சுண்டுவுக்கு அதைவிட நல்ல வேடிக்கை உலகத்தில் இல்லை. கை தட்டுவாள். அப்பா வாயைத் திறந்தால் அவளும் 'ஆ' என்று திறப்பாள். எட்டுப் பல்லும் வரிசையாக நின்று எங்களுக்கு எப்போது என்று கேட்கும். அப்பாவுக்கு அது கேட்காது, வாய் நிறைய நுரை.

யானை மாதிரி காம்பு வைத்தது ஒன்று, பித்தானை அழுத்தினால் விளக்கு மினுக்குவது ஒன்று, பாட்டுப் பாடுவது ஒன்று, நாலு பக்கமும் நார் முளைத்து எந்தப் பக்கம் தலை என்றே தெரியாதது ஒன்று, விரலில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் உறை ஒன்று. ரப்பர் உறையைப் பிள்ளை கடித்தால் உள்ளே இருக்கிற விரலுக்கு எவ்வளவு வலிக்கும்? தெரிய வேண்டாமா? விரலில் மாட்டித் தானே கடித்தார். உறை தேறவில்லை. விரலில் இரண்டு நாள் கட்டு. தொழிற்சாலையில் யாரோ கேட்டதற்கு, "வீட்டுல கடிச்சுட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். யார் என்று சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். நான் படித்தேன். 'மஞ்சள் வாத்து: முன்பல்லுக்கு நன்று. கடைவாய்ப் பக்கம் போகும்போது வாத்தின் அலகு கன்னத்தில் குத்துகிறது. தேறவில்லை.'

"மாப்ளை, சுண்டுவுக்குக் கடைவாய்ப் பல்லே இன்னும் வரலையே?"

"வரும்ல?" என்றார். அந்தப் பார்வை இருக்கிறதே, ஏதோ நான் அவளுக்குப் பல் வரக் கூடாது என்று காத்திருப்பவன் போல.

ஒன்பதாம் நாள் யானை தேறியது. தலை சின்னது, நார் மெத்து, தும்பிக்கை உள்ளங்கையில் அழகாக உட்கார்ந்தது. அன்று ஞாயிறு, தங்கையும் வீட்டில். மாப்பிள்ளை வெற்றிப் புன்னகையோடு தன் வாயிலிருந்து யானையை உருவி, குழாயில் அலசி, சுண்டுவின் வாய்க்குக் கொண்டுபோனார். தங்கை குறுக்கே கையை நீட்டினாள்.

"உங்க வாயில போனதை அவ வாயில வைக்கப் போறீங்களா?"

"கழுவிட்டேனே."

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். பெரியவங்க வாயில இருக்கிற கிருமி பிள்ளை பல்லுக்கு ஆகாதாம். உங்க வாயில பட்ட எதுவும் அவ வாய்க்குப் போகக் கூடாதுன்னு சொன்னாங்க. போய் இதே யானையில புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

ஓடிப்போய் வாங்கி வந்தார். அதே யானை, அதே நீலம். உறையைக் கிழித்தார். கை தயங்கியது. நீங்கள் ஊகித்திருப்பீர்கள். தேறியது அந்த யானை. இது வேறு யானை. இந்த யானையை யார் பார்த்தது? சும்மா ஒரு தடவை.

இப்போது புரிகிறதா சிக்கல்? நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது, அப்படியே விற்கலாம். பிரஷ் அப்படியில்லை. பார்க்காத பிரஷைக் கொடுக்க அவர் விடமாட்டார். பார்த்த பிரஷைக் கொடுக்க அவள் விடமாட்டாள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பல் வெள்ளைக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தது. தங்கை சும்மா இருந்துவிடவில்லை. மாலையில் ஈரத்துணியால் துடைத்தாள், துணி போதாது என்று தெரிந்தும். தானே பிரஷ் வாங்கி வந்து துணி அலமாரியில் ஒளித்தாள், அவர் கண்டுபிடித்தார். அரிசி டப்பாவில் புதைத்தாள், அங்கேயும் கண்டுபிடித்தார். மூன்று வாரம் முடிந்தபோது குளியலறைக் குவளையில் பதினேழு பிரஷ் நின்றது. அத்தனையும் ஒரே ஆளுடையது.

அந்த வாரம் தங்கை டார்ச் அடித்து சுண்டுவின் பல்லைப் பார்த்தாள். "அண்ணே, கோடு கொஞ்சம் அகலமாயிருக்கு," என்று என்னிடம் போனில் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து நான் கேட்டு வருஷக்கணக்காகிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே போய் மாப்பிள்ளையைப் பிடித்தேன்.

"மாப்ளை, நீங்க செய்யறது உங்களுக்கே நல்லா இருக்கா? பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்கிற வரைக்கும் பார்த்துட்டே இருக்கப் போறீங்களா?"

அவர் கோபப்படவில்லை. குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்ல மச்சான். எங்கேயாவது குத்துதுன்னா எனக்குச் சொல்லத் தெரியும். அவளுக்குச் சொல்லத் தெரியாது. அழத்தான் தெரியும். எதுக்கு அழறான்னு நமக்குப் புரியாமயே போயிடும். அதை நினைச்சா எனக்குக் கை வரமாட்டேங்குது."

இப்படிச் சொன்னால் ஆளை என்ன செய்வீர்கள்? நான் திட்ட வந்தவன், தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் தங்கை காத்திருந்தாள்.

"அண்ணே, இனிமே உன்னைத்தான் நம்பியிருக்கேன். நீயே ஒரு பிரஷ் வாங்கு. உறை பிரிக்காம சட்டைப்பையில வச்சுக் கொண்டா. அவர் கண்ணுல படாம என் கையில கொடு."

வாங்கினேன். பொறுப்பான ஆள் என்றுதானே என்னிடம் சொன்னாள்? நாற்பது பிள்ளைகளைத் தினமும் பத்திரமாகக் கொண்டுபோய் விடுகிறவன் நான். சட்டைப்பையில் வைத்துப் பித்தானும் போட்டேன். வேனில் ஏறி, முதல் சிக்னலில் நிற்கும்போது ஒரு சின்ன யோசனை வந்தது. உறையில் 'மிக மென்மை' என்று போட்டிருக்கிறார்கள். போடுகிறவன் எதையும் போடுவான். ஒருவேளை முரடாக இருந்தால்? அந்தச் சின்ன ஈறு தாங்குமா? மாமன் வாங்கிக் கொடுத்தது குத்திவிட்டது என்று பேர் வந்தால்? ஓரத்தில் லேசாகப் பிரித்தேன். நுனியை மட்டும். பின்னாலிருந்து வண்டிகள் ஹாரன் அடிக்கும்போதுதான் பச்சை விழுந்து வெகு நேரமாகிவிட்டதும், நான் மேல்வரிசை முடித்துக் கீழ்வரிசைக்கு வந்துவிட்டதும் தெரிந்தது.

தங்கை என் முகத்தைப் பார்த்தாள், என் சட்டைப்பையைப் பார்த்தாள். அவளுடைய புருவத்தின் கோடு முதல்முறையாக என் மேல் விழுந்தது. சுண்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க," என்றாள். ஏறினோம்.

மருந்துக்கடை. பலகை முன்னால் தங்கை நின்றாள். எடுத்தாள், தலையைப் பார்த்தாள், நாரைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவினாள். விரலால்தான். காம்பைப் பிடித்துப் பார்த்தாள். உறையைப் பிரித்தாள்.

பிரிக்கிற சத்தம் கேட்டதும் மாப்பிள்ளையின் வாய் தானாகத் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயும் திறந்தது. இரண்டு தடியர்கள் பலகைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக வாயைப் பிளந்து நிற்கிறோம். எங்களைப் பார்த்த சுண்டு பழக்கதோஷத்தில் தானும் 'ஆ' என்று திறந்தாள்.

அந்த ஒரு நொடிதான். தங்கை பிரஷை அவள் வாய்க்குள் கொண்டுபோய்விட்டாள்.

"பார்க்கலையே," என்றார் மாப்பிள்ளை, ஈன சுரத்தில்.

கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நனைத்துக்கொண்டு மேலே நாலு, கீழே நாலு, முன்பக்கம், பின்பக்கம், ஈறு ஓரம் என்று தங்கை தேய்த்துக்கொண்டே போனாள். பேஸ்ட் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மருந்துச் சீட்டோடு வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளை மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் சுளிக்கிறாளா, உதடு பிதுங்குகிறதா என்று. சுண்டு சுளிக்கவில்லை. நாரைக் கடித்தாள், ருசி பார்த்தாள், அம்மா கையிலிருந்து பிடுங்க முயன்றாள், முடியாமல் போகவே கிக்கிக்கி என்று சிரித்தாள். மாப்பிள்ளையின் கண்ணில் தண்ணீர் நின்றது. "அவளுக்குப் பிடிச்சிருக்கு போல," என்றார். அன்று இரவு முதல் அவரேதான் தேய்த்துவிடுகிறார், காலையில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று, ஒரு வேளை தவறாமல்.

ஆறாம் வாரம் டாக்டரம்மா உதட்டைத் தூக்கிப் பார்த்தார். விளக்கை அருகே இழுத்து மறுபடி பார்த்தார். "நின்னுடுச்சு," என்றார். "வெள்ளை மங்கிட்டு வருது. குழி எதுவும் இல்ல. இப்படியே தேய்ச்சுட்டு வாங்க." தங்கை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மாப்பிள்ளை மகளின் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டு வெகு நேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்து சிரித்தபோது டாக்டரம்மா அவர் வாயைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "உங்க ஈறு ரொம்ப ஆரோக்கியமா இருக்கே, என்ன பிரஷ் வச்சுத் தேய்க்கறீங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கதை முடிந்தது. பல் பிழைத்தது. நீங்கள் நிம்மதியாக எழுந்து போகலாம். ஆனால் போகமாட்டீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் வாயில் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. கடையில் தங்கை எடுத்த அந்தப் பிரஷ் எது? என்ன நிறம்? காம்பு யானையா, வாத்தா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். நமக்கும் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? பிள்ளை விஷயமாச்சே.

சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே கடைக்குப் போய் நிற்பீர்கள், அதே பிரஷைக் கேட்பீர்கள், கேட்கும்போது இரண்டாகக் கேட்பீர்கள். ஒன்று குழந்தைக்கு. இன்னொன்று யாருக்கு என்று கடைக்காரர் கேட்பார். நல்ல மனுஷன்தான், ஆனால் கேட்பார். என்ன சொல்வதென்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.